கோழி எரு போட்டது என் தவறு

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஆஸ்திரேலிய மரமான பாங்க்சியாவின் இலையெல்லாம் மஞ்சளாகி, ஓரம் கருகி உதிர்கிறது என்றாய். அது நோய் இல்லையம்மா. பெர்த்தில் உன்னோடு இருந்த இரண்டு மாதத்தில், மண் வெறும் மணலாக இருக்கிறதே என்று மூட்டை மூட்டையாகக் கோழி எரு போட்டேனே, அதுதான் காரணம்.

கோத்தகிரியில் நாற்பது வருடம் காய்கறி போட்ட கை. வெளுத்த மண்ணைக் கண்டால் எரு வைக்காமல் இருக்காது. ஆனால் அந்த மண்ணின் கதை வேறு என்பது ஊர் திரும்பிப் படித்த பிறகுதான் புரிந்தது.

நம் நாடும் ஆஸ்திரேலியாவும் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற ஒரே நிலத்தில் ஒட்டிக் கிடந்தவை. நம் துண்டு வடக்கே போய் ஆசியாவில் மோதியதில் இமயமலை எழுந்தது. கங்கை இன்றும் அங்கிருந்து புது வண்டலைக் கொண்டுவருகிறது. ஆஸ்திரேலியா தனியாக நகர்ந்தது. இப்போதும் வருடத்துக்கு சுமார் 7 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. நீ இருக்கும் தென்மேற்கு மூலையில் கோடிக்கணக்கான வருடங்களாகப் புது மலையும் இல்லை, பாறையை அரைத்து மண்ணாக்கும் பனியாறும் இல்லை. மழை மட்டும் பெய்து பெய்து சத்தையெல்லாம் கழுவிவிட்டது. முக்கியமாக, பாஸ்பரஸ் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அப்படிப்பட்ட மண்ணில் 7,000க்கு மேற்பட்ட செடி வகைகள் இருக்கின்றன!

பாங்க்சியா அந்தப் பட்டினியில் பழகிய செடி. மேல் மணலை மெல்ல விலக்கிப் பார், பஞ்சுபோல் பின்னிய வேர்கள் தெரியும். அமிலத்தைக் கசியவிட்டு, மண்துகளில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸைக் கரைத்து இழுக்கும் வேர்கள் அவை. இழுக்கத் தெரியும்; போதும் என்று நிறுத்தத் தெரியாது. கோழி எருவிலோ பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது.

எரிந்த காட்டுக்குக் கூட்டிப்போனாயே, அன்று பேரன் கொடுத்த கரிந்த பாங்க்சியா காயை இன்னும் மறக்கவில்லை. காய் முழுக்கச் சிப்பி திறந்ததுபோல் சின்னச் சின்ன வாய்கள். ஒன்றில் மட்டும் இறகு வைத்த கறுப்பு விதை ஒட்டியிருந்தது. பிசினால் மூடிக்கிடந்த வாயைத் தீதான் திறந்துவிட்டிருக்கிறது. எரிந்த இடத்தில் சாம்பலும் வெயிலும் இருக்கும். விதைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இங்கே ஆங்கிலேயர் விறகுக்காக ஊன்றிய கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, தண்ணீரைக் குடிக்கிறது என்று நான் திட்டாத நாளில்லை. அங்கே அதே சாதி மரம் உச்சிவரை கரிந்த பிறகும், பட்டைக்குள் ஒளித்துவைத்த மொட்டுகளிலிருந்து தண்டெல்லாம் தளிர்விட்டு நின்றதைப் பார்த்தபோது கும்பிடத் தோன்றியது. அந்த நாட்டின் உட்பகுதியில் வாழும் செங்கங்காருவும் அப்படித்தான். பையில் ஒரு குட்டி பால் குடிக்கும்வரை, வயிற்றில் அடுத்த கரு வளராமல் காத்திருக்கும். வறட்சியில் அந்தக் குட்டி போய்விட்டால், கரு வளரத் தொடங்கும். எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது: மிச்ச எருவைச் சுரண்டி எடுத்துவிடு. நல்ல தண்ணீராக நிறைய விட்டு மண்ணைக் கழுவு. வேறு எதுவும் போடாதே. மரம் பிழைக்காவிட்டால், மூடிய காய்களை அறுத்து வை. ஓவனில் சூடுகாட்டி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவிட்டால் வாய் திறக்கும். விதையை வெறும் மணலில் ஊன்று. பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா