விமான நிலைய ரயில் எங்கே இறக்கிவிடுகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையங்களிலிருந்து நகர மையங்களுக்குச் செல்லும் விரைவு ரயில்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அவற்றின் வேகத்தை விரிவாகப் பாராட்டியது. ஆனால் அவை பயணியை எங்கே இறக்கிவிடுகின்றன என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. நீண்ட பயணம் முடிந்து பெட்டிகளுடன் வெளியே வருபவர் அறிய விரும்புவது, தாம் தங்கப்போகும் இடத்தின் வாசலை அடைய மொத்தம் எவ்வளவு நேரமாகும் என்பதைத்தான்.

ஷாங்காய் நகரின் புதோங் விமான நிலையத்திலிருந்து புறப்படும் காந்தமிதவை ரயில் (காந்த விசையால் பாதையைத் தொடாமல் மிதந்து ஓடும் ரயில்) 30 கிலோமீட்டர் தொலைவை ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் கடக்கிறது. பல ஆண்டுகள் அது மணிக்கு 430 கிலோமீட்டர் வேகம் வரை ஓடியது. எனினும் அதன் கடைசி நிலையமான லோங்யாங் சாலை நகர மையத்தில் இல்லாததால், மையத்துக்குச் செல்பவர்கள் அங்கே இறங்கி, மெட்ரோ ரயிலுக்கு மாறி, மீண்டும் ஒரு பயணத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மிச்சமான நிமிடங்களில் பெரும்பகுதி படிக்கட்டுகளிலும் நடைமேடையிலுமே கரைந்துவிடும்.

லண்டனிலும் இதே சிக்கல் உண்டு. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து 1998இல் ஓடத் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணி நேரத்தில் பாடிங்டன் ரயில் நிலையத்தை அடைந்துவிடுகிறது. ஆனால் பாடிங்டன் இருப்பதோ மைய லண்டனின் மேற்கு ஓரத்தில். 1977இல் ஹீத்ரோ வரை நீட்டிக்கப்பட்ட பிக்காடில்லி மெட்ரோ பாதையில் பயண நேரம் கூடுதல், கட்டணம் மிகக் குறைவு. நகரின் நடுவே பல நிலையங்களில் இறங்கிக்கொள்ளவும் முடிகிறது. 2022இல் திறக்கப்பட்ட எலிசபெத் ரயில் பாதை, ஹீத்ரோவிலிருந்து வந்து பாடிங்டனோடு நின்றுவிடாமல் நகரை ஊடுருவிக் கிழக்கே செல்வதால், என் பார்வையில், வேகத்தையும் வசதியையும் ஓரளவு சமன்செய்திருப்பது அதுவே.

காத்திருப்பு நேரத்தையும் கட்டுரை கணக்கில் கொள்ளவில்லை. அரை மணி நேரத்துக்கு ஒரு ரயில் என்றால், சராசரியாகக் கால் மணி நேரம் நடைமேடையிலேயே போய்விடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் மெதுவான ரயில் பல வேளைகளில் அதை முந்திவிடும். தாமதமாகி நள்ளிரவுக்குப் பின் இறங்கும் விமானத்தின் பயணிகளுக்கோ, கடைசி ரயில் போய்விட்ட பிறகு அதன் வேகத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர்களுக்கு உதவுவது இரவுப் பேருந்தும், கட்டணம் முன்கூட்டியே தெரிந்த டாக்ஸியும்தான்.

விமான நிலையத்துக்கும் நகருக்கும் இடையிலான வழியை அன்றாடம் பயன்படுத்துபவர்கள் பயணிகள் அல்லர், விமான நிலைய ஊழியர்கள். துப்புரவுப் பணியாளர்களும் சுமை ஏற்றுவோரும் காவலர்களும் விடியுமுன் பணிக்கு வந்து சேர வேண்டியவர்கள். உயர்கட்டண விரைவு ரயில் அவர்களை மனத்தில் கொண்டு அமைக்கப்படுவதே இல்லை.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, பயண நேரத்துடன் ரயில்களின் இடைவெளி, முதல் ரயிலும் கடைசி ரயிலும் புறப்படும் நேரம், இறங்கும் நிலையத்திலிருந்து கிடைக்கும் இணைப்புகள் ஆகியவற்றையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்