அறுபத்திரண்டு கட்டமும் ஒரு நாலரை லிட்டரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு அமைப்புகள் கணக்கை எக்செல்லிலிருந்து, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸுக்கு மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தரவை அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்து எட்கர் காட் 1970-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை வரைக்கும் போய் வரலாறு சொன்னவர், எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தை மட்டும் "பிறகு அட்டவணைகளைச் சீரமைத்துக்கொள்ளவும்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த ஒரு வரி எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

நான் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் கணக்கு எழுதியவன். எக்செல்லில் இருந்ததை அப்படியே அக்சஸில் இறக்கினேன். மாதத்துக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கு ஒரு வரி, 1 காலை, 1 மாலை, 2 காலை என்று 31 நாளுக்கு 62 நெடுவரிசை. ஒருவர் மே மாதம் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று பார்க்க, 62 பெயரையும் கூட்டல் குறி போட்டு எழுத வேண்டும். அதில் ஒரே ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் போதும், மொத்தமே வெறுமையாகிவிடும். பால் ஊற்றாத வேளையே இல்லாத வீடு உண்டா?

சரி, நீளவாக்கில், அதாவது வேளைக்கு ஒரு வரியாக, மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். உறுப்பினர் எண், தேதி, லிட்டர், அவ்வளவுதான். 180 பேர், 365 நாள், இரண்டு வேளை என்றால் 1,31,400 வரி வரை வரும். திரும்பத் தட்டச்சு செய்வது நடக்கிற காரியமில்லை. தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையைக் குவெரி என்பார்கள். பல விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும் யூனியன் குவெரியில், ஒவ்வொரு நெடுவரிசையையும் எடுக்க ஒரு செலக்ட் எழுதி, பத்துப் பத்து நாளாக அடுக்கி, மேக் டேபிள் குவெரியால் புது அட்டவணை செய்தேன். அந்த ஆண்டு போனஸ் பட்டியலை அதிலிருந்தே எடுத்துப் பலகையில் ஒட்டியாயிற்று.

மறுநாள் காலை ஒரு அம்மா பால் அட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏனுங்க தம்பி, காலையில நாலரை, சாயந்தரமும் நாலரை ஊத்துனனுங்க. உங்க கணக்குல ஒரு வேளை தானுங்களே இருக்குது?"

அவர் சொன்னதுதான் சரி. யூனியன் என்று மட்டும் எழுதினால், அச்சு அசலாக ஒரேபோல இருக்கும் வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அக்சஸ் விட்டுவிடும். வேளை என்ற நெடுவரிசையை நான் வைக்கவில்லை. அதனால் அதே ஆள், அதே தேதி, அதே நாலரை லிட்டர் என்று இரண்டு வேளையும் அதற்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. யூனியன் ஆல் என்று எழுதியிருந்தால் இரண்டும் நின்றிருக்கும். பழைய அட்டவணையின் மாத மொத்தத்தையும் புதியதன் மொத்தத்தையும் ஒருமுறை ஒப்பிட்டிருந்தாலே பிடித்திருப்பேன். செய்யவில்லை, என் தவறுதான்.

இரண்டாம் முறை மேக் டேபிளை விட்டுவிட்டேன். அது செய்து தரும் அட்டவணையில், ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் முதன்மைச் சாவி வராது. காலி அட்டவணை ஒன்றை நானே வடிவமைத்து, உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றையும் சேர்த்துச் சாவியாக வைத்தேன். வெறுமைக் கட்டங்களைத் தவிர்க்கச் சொல்லி, இருக்கும் அட்டவணையில் வரிகளைச் சேர்க்கும் அப்பெண்ட் குவெரியால் மாதம் மாதமாக உள்ளே தள்ளினேன். மறந்துபோய் ஜூலையை இரண்டாவது தடவை தள்ளியபோது, சாவி மோதுகிறது என்று அக்சஸே மறித்துவிட்டது. அப்பெண்ட், அப்டேட், டெலிட் குவெரிகளை ஒருமுறை ஓட்டி முடித்துவிட்டால் பின்வாங்க வழியில்லை என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். கோப்பை நகல் எடுத்து வைக்காமல் ஓட்டவே கூடாது.

அப்புறம், பழைய 12 அட்டவணைகளையும் நீக்கினேன். கோப்பின் அளவு இம்மியும் குறையவில்லை. கோப்பைச் சுருக்கும் காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் கட்டளையைக் கொடுத்த பிறகுதான் இளைத்தது. 2 ஜிபி வரம்பு உள்ள மென்பொருளில் இதுவும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

அந்த அம்மாவுக்குப் போனஸ் சரியாகப் போய்ச் சேர்ந்தது. சங்கத் தலைவருக்குத்தான் நீளவாக்குப் பட்டியல் பிடிக்கவில்லை, 'நாள் வாரியாக் குறுக்க இருந்தாத்தானே பார்க்க முடியும்' என்றார். வரிகளைக் குறுக்காகத் திருப்பிக் காட்டும் கிராஸ்டேப் குவெரி ஒன்று போட்டு, அதே 62 நெடுவரிசைகளாக அச்செடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "பழைய மாதிரியேதான இருக்குது, அப்புறம் மூணு வாரமா என்னத்தைய்யா மாத்துன?" என்றார்.

– ஓய்வுபெற்ற பால் சங்கக் கணக்கர்,
ஈரோடு மாவட்டம்