மாற்று நிலம் தேடும் முன் அட்டப்பாடியின் பதிவேடுகளைத் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலமற்ற ஆதிவாசிகளுக்கு அரசு நிலம் வாங்கிக் கொடுக்கும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி மலைப்பகுதியில் வாழும் எங்களுக்கு ஒரு கேள்வி எழுகிறது. அவர்கள் கையிலிருந்து போன நிலம் எது, இன்று அதற்கு யார் பெயரில் கரம் (நில வரி) கட்டப்படுகிறது என்பதை ஊரறியச் சொல்லாமலே புதிய நிலத்தைத் தேடிப் போவது ஏன்? வாங்குவது தவறென்று நான் சொல்லவில்லை. வாங்குகிற அரசு தன் பதிவேட்டையும் திறந்து காட்ட வேண்டும் என்கிறேன்.

1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் என்னும் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. கோவைப் பக்கமிருந்து தமிழ்க் குடியானவர்களும், மண்ணார்க்காடு வழியாகத் திருவிதாங்கூர் மலையாளிகளும் வந்து குடியேறினார்கள். என் குடும்பமும் ஆனைக்கட்டி வழியாக வந்ததுதான். அப்படி வந்தவர்களில் விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. குத்தகை என்று நுழைந்து வேலியை நகர்த்தியவர்களும், வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கியவர்களும் உண்டு.

இதைத் தடுக்கவும், போன நிலத்தை மீட்டுத் தரவும் 1975-இல் கேரளச் சட்டப்பேரவை ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு விதிகள் வகுக்கவே 1986 ஆயிற்று. நல்லதம்பி தேரா என்பவர் தொடுத்த வழக்கில், தேங்கிக் கிடந்த நில மீட்பு விண்ணப்பங்களை ஆறு மாதத்திற்குள் முடிக்கும்படி 1993-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசோ 1996-இல் சட்டத்தையே திருத்தப் பார்த்தது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. பிறகு வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1986 ஜனவரி 24-க்கு முன் கைமாறிய விவசாய நிலத்தில் இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவரே வைத்துக்கொள்ளலாம். இழந்தவருக்கு அரசு மாற்று நிலம் தர வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டது. நிலத்தைத் தேடும் பொறுப்பு அரசின் தலையில் விழுந்தது இப்படித்தான். ஆனால் அந்தத் தேதிக்குப் பின், உரிய அதிகாரியின் அனுமதியின்றி ஆதிவாசியிடமிருந்து மற்றவர் பெயருக்குப் போன எந்த நில மாற்றமும் செல்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாற்று நிலத்தைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள். இந்தப் பிரிவை எவரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

நடைமுறையில் நடப்பது இதுதான். ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், பதிவாகும்போது சார்பதிவாளர் முத்திரைக் கட்டணத்தையும் சாட்சிகளையும் பார்ப்பார். விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று துருவுவதைத் தம் வேலையாகக் கொள்வதில்லை. பிறகு வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்), தண்டப்பேர் (நில வரிக் கணக்கு), கர ரசீது, கைவச சர்டிபிகேட் (அனுபவச் சான்று) என்று வரிசையாகக் கிடைத்துவிடும். அந்த நிலம் இரண்டு மூன்று கை மாறிவிட்டால், முதலில் விற்றதாகச் சொல்லப்படுபவர் ஓர் இருளர் என்ற விவரமே புதிய ஆதாரத்தில் இருக்காது. பாலிதீன் உறைக்குள் மடிப்பு விட்டுப்போன பழைய கர ரசீதுகளோடு ஆபீஸ் திண்ணையில் காத்திருக்கும் மூதாட்டிகளை இங்கே எந்த வேலை நாளிலும் காணலாம். வீடு கட்டும் உதவிக்குக் கைவச சர்டிபிகேட் கேட்டு வந்தவரிடம், அந்த சர்வே எண்ணுக்கு வேறொருவர் தண்டப்பேர் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார்கள். வழக்குப் போட வேண்டுமானால் வருவாய்க் கோட்ட அதிகாரியான ஆர்.டி.ஓ. இருப்பது ஒற்றப்பாலத்தில், மலைப்பாதையான சுரம் இறங்கி, மண்ணார்க்காடும் தாண்டிப் போக வேண்டும். ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் போனபின் வாய்தா வாங்கித் திரும்புவதுதான் மிச்சம்.

2010-இல் இங்கே காற்றாலைகள் நின்ற நிலத்தில் ஆதிவாசி நிலமும் கலந்திருப்பதாக வருவாய்த் துறையே கண்டறிந்தது. கோபுரம் எழும்பிய பிறகு கண்டறிய முடிந்ததைப் பத்திரம் பதியும் நாளிலேயே ஏன் கண்டறிய முடியவில்லை?

பணம் கொடுத்து வாங்குவது மட்டும் தீர்வாகாது என்பதற்குக் கண்ணூர் மாவட்டத்து ஆறளம் பண்ணையைப் பார்க்கலாம். 2004-இல் மத்திய அரசு நிறுவனத்திடமிருந்து சுமார் 7,500 ஏக்கரை ஏறத்தாழ 42 கோடி ரூபாய்க்கு மாநில அரசு வாங்கியது. அதுவும் பழங்குடி மேம்பாட்டுக்கென ஒதுக்கிய நிதியிலிருந்து. அதில் பாதியளவை குடும்பத்துக்கு ஓர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி உயிர்களைப் பறிக்க, நிலப் பட்டயம் பெற்ற பலர் அங்கே தங்கவே இல்லை. தாங்கள் பிறந்த ஊரையும் தெய்வத்தையும் விட்டுவிட்டு வேறிடத்தில் ஓர் ஏக்கரை ஏற்கும்படி இங்குள்ளவர்களையும் கேட்பது என் பார்வையில் நியாயமாகாது.

காட்டு நிலத்தின் கதை வேறு. 1971 மே 10 முதல் தனியார் காடுகள் அரசுடைமையாயின. ஜண்டைக்கு (காட்டு எல்லைக் கல்லுக்கு) உள்ளே எது, வெளியே எது என்ற தகராறு வனத்துறைக்கும் ஊர்களுக்கும் இடையே இன்றும் ஓயவில்லை. என்றாலும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த நிலத்தை வாரிசுக்கு விடலாமே தவிர விற்க முடியாது. காட்டுக்குள் இருக்கும் அந்தப் பாதுகாப்பு, ரோட்டோரத்து ஆதிவாசிப் பட்டா நிலத்துக்கு நடப்பில் இல்லை. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கேரளத்தில் ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படாததால் அந்தப் பாதுகாப்பும் இங்கே கிடையாது.

அரசிடம் கருவி இல்லாமல் இல்லை. பதிவு, வருவாய், நில அளவை ஆகிய மூன்று துறைகளையும் இணைக்கும் ‘என்டெ பூமி’ இணையதளத்தை அரசே 2024-இல் தொடங்கியது. நில மீட்பு வழக்கு நிலுவையிலுள்ள, அல்லது மீட்பு உத்தரவு பிறந்த ஒவ்வொரு சர்வே எண்ணையும் அதில் குறித்து, அந்த எண்ணில் புதிய ஆதாரமோ போக்குவரவோ நடக்காதபடி பூட்டிவிட்டால் பாதி வழக்குகள் முளைக்கவே முளைக்காது. நல்லெண்ணத்தோடு வாங்கி நாற்பது ஆண்டுகள் உழைத்த சிறு விவசாயிக்கும், அவர் தமிழரோ மலையாளியோ, இது நன்மைதான். வில்லங்கமான நிலத்தில் சேமிப்பைக் கொட்டும் நிலை அவர் பிள்ளைகளுக்கு வராது.

இன்னொன்று. விசாரணை நோட்டீஸ்கள் மலையாளத்தில் மட்டும் வருகின்றன. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. இருளர் முதியோரில் பலருக்குத் தமிழ் புரியும், மலையாள எழுத்து புரியாது. எந்தக் கொத்துக்காடு (மலைச் சாகுபடி நிலம்) எந்த வீட்டாருடையது என்று ஊர்த் தலைவரான மூப்பனுக்கும் விவசாயக் காரியங்களைப் பார்க்கும் மண்ணுக்காரனுக்கும் தெரியும். ஆகவே அகளி, புதூர், ஷோலையூர் ஆகிய மூன்று பஞ்சாயத்துகளிலும் நில வழக்குகளின் சர்வே எண் பட்டியலை ஊர்க்கூட்டங்களில் தமிழிலும் வாசித்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களை எழுதிக்கொண்டு, அதன் நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டும்படி பாலக்காடு மாவட்ட ஆட்சியரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அகளி, பாலக்காடு மாவட்டம்.