சரோஜாவுக்கு ஒரு வேலை

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சரோஜா,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி வழியிலேயே பொடியாகிவிட்டது, மீதியைப் பேரன் முடித்தான். இத்தனை நாள் பதில் போடவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சரி, உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும், அதற்குத்தான் எழுதுகிறேன்.

இங்கே ஒரு மண்டபத்தில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு வாரா வாரம் யோகா வகுப்பு நடக்கிறது. கதவுப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நான். ஆர்.கே. கான் ஆஸ்பத்திரியில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே துத்துசேலா மையம் இருக்கிறதல்லவா, பரிசோதனை, போலீஸ் வாக்குமூலம், கவுன்சலிங் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் முடிந்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். இதெல்லாம் முதல் கட்டம். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் உடம்பு தன்பாட்டுக்குப் பயந்துகொண்டே இருக்கிறதே, அதற்குத்தான் இந்த வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்குப் பிரசவம் நெருங்குகிறது. வேறு ஆள் வேண்டும் என்றதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

உன் வகுப்பை நான் பார்த்திருக்கிறேனே. ‘கண்ணை மூடு, முதுகை நிமிர்த்து, பேசாதே’ என்று நீ போடும் சத்தத்தில் நம் தமிழ்ப் பள்ளி வாத்தியார் கெட்டார் போ. யாராவது வளையவில்லையென்றால் பின்னால் போய் இடுப்பைப் பிடித்தே திருப்புவாய். இங்கே அது ஆகவே ஆகாது.

இங்கே யாரும் யாரையும் தொடுவதில்லை. சொல்லிக்கொடுப்பவர் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஓரிடத்திலேயே இருக்க வேண்டும், பின்பக்கம் நடமாடக் கூடாது. கதவைப் பூட்டுவதில்லை. விளக்கை அணைப்பதில்லை. நீ ஏற்றுவாயே ஊதுபத்தி, அதுவும் கிடையாது. எந்த வாசனை யாருக்கு எதைக் கிளப்பிவிடும் என்று யாருக்குத் தெரியும்? பாயில் மல்லாந்து படுக்கிற சவாசனம் உனக்கும் எனக்கும் ஓய்வு. சிலருக்கு அதைவிடப் பயங்கரம் வேறில்லை. அதனால் நாற்காலியில்தான் ஆரம்பம். மூச்சைக் கவனித்தாலே சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அப்போது மூச்சை விட்டுவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, ஜன்னலையோ சுவரையோ பார்க்கச் சொல்கிறார்கள்.

‘தூக்கு’ என்று சொல்வதில்லை. ‘விருப்பமிருந்தால் கையைத் தூக்கிப் பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.’ நீ சிரிப்பாய், நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார். அவளைக் கேட்காமல்தானே அவள் உடம்புக்கு எல்லாம் நடந்தது. இனி ஒரு கையைத் தூக்குவதானாலும் அவளே முடிவு செய்யட்டும். ஒரு பெண் வகுப்பு முழுவதும் கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் அதை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரிம்மா என்னிடம் கேட்டாள், ‘அந்தப் பெண்கள் அப்போதே கத்தியிருக்கலாமே?’ என்று. எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். ஸ்டாக்ஹோமில் இப்படிச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டு 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேருக்கு அந்த நேரத்தில் கைகால் அசையவில்லை, குரல் எழும்பவில்லை. உடம்பு தானாகவே உறைந்துபோகிறது, சரோஜா. அவளாக முடிவெடுத்துச் சும்மா இருந்ததில்லை. அப்படி உறைந்தவர்களில் பலர் பின்னால் ‘ஏன் சும்மா இருந்தேன்’ என்று தங்களையே தின்றுகொண்டிருக்கிறார்கள்.

அதற்காக யோகா எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று யாரிடமும் சொல்லித்தொலைக்காதே. இடுப்பில் துக்கம் தேங்கியிருக்கிறது என்று யூடியூபில் சொல்கிறார்களே, அந்தக் கதையெல்லாம் இங்கே வேண்டாம். அமெரிக்காவில் 2014இல் வந்த ஆய்வு ஒன்றுண்டு. பேச்சு சிகிச்சையிலும் மன அதிர்ச்சி நோய் (பி.டி.எஸ்.டி.) தீராத 64 பெண்களை எடுத்து, ஒரு பாதிப் பேருக்குப் பத்து வாரம் இந்த மாதிரி யோகா, மறுபாதிக்கு ஆரோக்கியப் பாடம். முடிவில் யோகா செய்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நோய் என்று சொல்லும் நிலையைத் தாண்டியிருந்தார்கள். பாடம் கேட்டவர்களில் ஐந்தில் ஒருவர்தான். நல்ல பலன்தான், ஆனால் சின்ன ஆய்வு. கவுன்சலிங் தன்பாட்டுக்கு நடக்கும், இது கூட நடப்பது. வகுப்பில் கவுன்சலர் ஒருவர் எப்போதும் இருப்பார். யாராவது அழுதால் நீ கதை கேட்கப் போகாதே, அது அவர் வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. லெனேசியாவில் உன்னிடம் வருகிற அத்தனை பெண்களிலும் இப்படி யாராவது இருப்பாள். உன்னிடம் சொல்லமாட்டாள். ‘தொடலாமா?’ என்று முதலில் கேட்டுவிட்டுத் தொடு, அது போதும்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சாக்கு சொல்லாதே, அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாயிற்று. வகுப்பு எடுக்குமுன் இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு, நீ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷம் யோகா சொல்லிக்கொடுத்தவள் என்று அங்கே வந்து மார்தட்டாதே. தங்குவது என் வீட்டில்தான். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு வந்தால் சரியாக இருக்கும். முடியாதென்றாலும் உடனே சொல், வேறு ஆள் பார்க்கணும்.

உன்
கமலா