கோபிசெட்டிபாளையம் – ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு

வணக்கமுங்க. நம் பிள்ளை ஒருத்தியின் படத்தைக் கேலி ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் சுற்ற விட்டிருக்கிறார்கள். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அழிக்காதீங்க! தேதி, நேரம், அனுப்பிய எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் பிளாக் செய்யலாம். போனைப் பிடுங்கினால் அடுத்த தடவை நம்மிடம் வாயே திறக்க மாட்டார்கள். 1098 குழந்தைகள் உதவி எண், இரவிலும் கூப்பிடலாம். மிரட்டல், ஆபாசம் என்றால் நேராக சைபர் கிரைம் போலீஸ்தான்.

இன்ஸ்டாவில் சீருடை, பள்ளிப் பெயர் தெரியும் பழைய படங்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். (நாம் போட்டதையும் சேர்த்துத்தான்!) செய்தது யார் வீட்டுப் பையன் என்று இங்கே கேட்க வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பேசுவோமுங்க.