இன்டரப்ட் பாடத்தில் ஒரு பூச்சியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கல்விப் பக்கத்தில் கணினி என்றால் பெரும்பாலும் இணையத்தள வடிவமைப்பும் செயற்கை நுண்ணறிவும்தான் வருகின்றன. அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வெள்ளவத்தையில் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பணிசெயல் முறைமை படிப்பிக்கிறவன் என்ற முறையில், அந்த முறைமையின் மைய நிரலான கேர்னலின் அடித்தளத்துக்கும் கொஞ்சம் இடம் கேட்கிறேன்.

ஓடும் வேலையை இடைநிறுத்தி, வேறொன்றைக் கவனிக்கும்படி பிராசசருக்கு வரும் அறிவிப்புத்தான் இன்டரப்ட். அது என்ன என்று கேட்டால் பிள்ளைகளிடமிருந்து வரைவிலக்கணம் பிசகாமல் வரும். கோடைத் திறந்து வைத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். எம்.ஐ.டி.யில் கற்பிப்பதற்கென்றே எழுதிய எக்ஸ்வி6 கேர்னலின் எக்ஸ்86 (இன்டெல் வகைப் பிராசசர்) பதிப்பில், 256 இன்டரப்ட் எண்களுக்கும் தனித்தனி நுழைவாயில், அதாவது கோட் தொடங்கும் இடம், உண்டு. குறித்த இடைவெளியில் இன்டரப்ட் அனுப்பும் டைமருக்குரிய 32ஆம் வாயில், ஸ்டாக்கில் (மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நினைவகப் பகுதியில்) முதலில் ஒரு பூச்சியத்தைத் தள்ளும், அப்புறம் 32ஐத் தள்ளும். பேஜ் ஃபோல்ட்டுக்குரிய (நிரல் கேட்ட நினைவகப் பக்கத்தை அணுக முடியாதபோது வரும் பிழைக்குரிய) 14ஆம் வாயிலில் அந்தப் பூச்சியம் இல்லை. ஏன்?

பேஜ் ஃபோல்ட் வந்தால் பிராசசர் தானாகவே ஒரு பிழை எண்ணை ஸ்டாக்கில் வைத்துவிடும். டைமருக்கு வைக்காது. அந்த இடத்தைப் பூச்சியம் நிரப்புவதால்தான் பின்னால் வரும் பொதுக் கோட் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமாகிறது. வேலை முடிந்து திரும்பும்போது அந்தக் கோட் எதையும் பார்க்காமல் 8 பைட்டைத் தாண்டும்: பிழை எண்ணுக்கு 4, இன்டரப்ட் எண்ணுக்கு 4. பூச்சியம் இல்லையென்றால், திரும்பிப் போகவேண்டிய முகவரியையே தாண்டிவிடும். நிறுத்திய இடத்துக்குத் திருப்பி அனுப்பும் ஐரெட் கட்டளை, அதற்கடுத்து இருக்கும் செக்மென்ட் எண்ணை (கோட் உள்ள நினைவகப் பகுதியைக் குறிக்கும் எண்ணை) முகவரி என்று எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு எந்த நிரலும் ஒழுங்காக ஓடாது.

சரி, டைமருக்கு ஏன் 32? 0 முதல் 31 வரையான எண்களை இன்டெல் பிராசசரின் சொந்தத் தேவைக்கு ஒதுக்கிவிட்டது. ஆனால் ஐபிஎம் பிசியில் டைமர் வந்தது 8ஆம் எண்ணில். ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை வருவதான டபுள் ஃபோல்ட்டின் எண்ணும் அதே 8. இந்த மோதலைத் தவிர்க்கத்தான் கேர்னல் டைமரை 32க்கு நகர்த்துகிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு காரணம் இருக்கிறது.

இதைப் பார்க்க விலைகூடிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பழைய மடிகணினியில் கியூஎமு என்ற போலிக் கணினி மென்பொருளை ஓடவிட்டு, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தி ஸ்டாக்கைப் பார்த்தாலே போதும். "இப்பதான் விளங்குது சேர்" என்று பிள்ளைகள் சொல்வது அந்த இடத்தில்தான்.

ஆகவே, கேர்னல் கோடை வரிக்கு வரி விளக்கும் தொடர் ஒன்றை, ஸ்டாக்கின் படங்களோடு, தமிழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வாரத்துக்கு அரைப் பக்கம் போதும். எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06