சீனக்குடா ஆலையின் பங்கைப் பற்றித் தமிழில் யார் சொல்லித் தருவது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பங்குச் சந்தை என்பது கொழும்புப் பணக்காரர்களின் சூதாட்டம், எங்கள் பக்கத்துச் சனம் அதன் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை விளங்குகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி எங்கள் ஊருக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் திருகோணமலையில் கட்டடப் பொருள் கடை நடத்துகிறேன். என் கடையில் அடுக்கியிருக்கும் சீமெந்துப் பைகளில் பெரும்பகுதி சீனக்குடாவில் அரைத்துக் கட்டியவை. அந்த ஆலையை நடத்தும் டோக்கியோ சீமெந்து 1982இல் தொடங்கிய கம்பனி. அதன் பங்குகளைக் கொழும்புப் பங்குச் சந்தையில் யாரும் வாங்கலாம். அதே சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு பகுதியை வைத்திருக்கும் எரிபொருள் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. 2004இல் சந்தைக்கு வந்தது. உப்புவெளிக் கடற்கரையில் இருக்கும் டிரிங்கோ புளூ ஹோட்டலின் சொந்தக்காரரான ஜோன் கீல்ஸ் ஹோட்டல்ஸும் அந்தச் சந்தைப் பட்டியலில் உள்ள கம்பனிதான். பிரிமா மாவு ஆலையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது தனியார் கம்பனி, அதன் பங்கு சந்தையில் இல்லை.

எங்கள் பிள்ளைகள் இந்த இடங்களில் வேலை செய்கிறார்கள், எங்கள் லொறிகள் அங்கே ஓடுகின்றன, அவர்களின் பொருளை நாங்கள் விற்கிறோம். அந்தக் கம்பனிகளில் ஒரு பங்காவது வைத்திருப்பவர் எங்கள் தெருவில் எத்தனை பேர்? டோக்கியோ சீமெந்துப் பங்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரையும் அதை வாங்கச் சொல்ல நான் வரவில்லை.

முதலில் அடிப்படை. பங்கு என்பது ஒரு கம்பனியின் சொந்தத்தில் ஒரு சிறு துண்டு. ஒரு கம்பனி புதிதாகப் பங்கு வெளியிடும்போது நாம் கொடுக்கும் பணம் அந்தக் கம்பனிக்குப் போகிறது. அதற்குப் பிறகு சந்தையில் வாங்கினால், விற்கிற இன்னொருவருக்குத்தான் போகிறது. காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை கணினியில் வாங்குகிறவர்கள் ஒரு பக்கமும் விற்கிறவர்கள் மறுபக்கமும் விலை சொல்லி நிற்பார்கள். இரண்டு விலையும் எங்கே பொருந்துகிறதோ அதுவே அந்த நேரத்து விலை. மேலே இருந்து யாரும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஒரே ஒரு பங்குகூட வாங்கலாம். வாங்கினால் இரண்டு வேலை நாட்களில் பணமும் பங்கும் கைமாறி முடியும்.

செலவை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சாதாரணமாகப் பங்கு வாங்கும்போது தரகுக் கூலி, பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம் போகும். 10,000 ரூபாய்க்கு வாங்கினால் 112 ரூபாய். விற்கும்போதும் அதே விகிதம். ஆக, விலை இரண்டேகால் சதவீதமாவது ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். காலையும் மாலையும் வாங்கி விற்கிற பையன்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. டோக்கியோ சீமெந்தில் வாக்குரிமை உள்ள பங்கு, வாக்குரிமை இல்லாத பங்கு என்று இரண்டு வகை உண்டு. "ஒரே கம்பனிக்கு ஏன் அண்ணை ரெண்டு விலை?" என்று பக்கத்துக் கடைத் தம்பி ஒருநாள் கேட்டார். இரண்டு வகைக்கும் பங்கிலாபம், அதாவது கம்பனி தன் லாபத்திலிருந்து பிரித்துத் தரும் பணம், கிடைக்கும், ஆனால் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க ஒன்றுக்குத்தான் உரிமை, அதனால் விலையில் வித்தியாசம் வருகிறது என்றேன். லங்கா ஐ.ஓ.சி.யில் சுமார் 75 சதவீதம் இந்தியன் ஒயில் கம்பனியிடமே இருக்கிறது. சின்ன முதலீட்டாளரின் வாக்குக்கு அங்கே எவ்வளவு எடை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பங்கை வாங்குமுன் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா?

சந்தையைச் சூதாட்டம் என்கிறவர்கள் 2022ஐக் காட்டுவார்கள். சரி, அதையே பார்ப்போம். சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி அந்த ஜனவரியில் 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 18ஆம் திகதி முதல் ஐந்து நாள் சந்தையையே மூடினார்கள். 25ஆம் திகதி திறந்த அன்றே மறுபடி சரிந்து, வியாபாரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மாத முடிவில் சுட்டி 8,000க்குக் கீழே. அந்த நேரத்தில் காசு தேவைப்பட்டு விற்றவர்களின் நட்டம் நட்டம்தான், அதை யாராலும் மறைக்க முடியாது. தேவை இல்லாமல் வைத்திருந்தவர்கள் 2024 முடிவில் அதே சுட்டி 15,000க்கு மேல் போனதைப் பார்த்தார்கள்.

என் கடையிலிருந்து அந்த வருடத்தைப் பார்த்தபோது இன்னும் தெளிவாக விளங்கியது. சீமெந்துப் பை மூவாயிரத்தை நெருங்கியபோது, கம்பனிக்கு நல்ல லாபம் என்று பலர் பேசினார்கள். ஆனால் சீமெந்தாக்க இங்கே அரைக்கும் மூலப்பொருளான கிளிங்கர் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 200 ரூபாயில் இருந்த டொலர் சில மாதங்களில் 360க்குப் போனது. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்தினார்கள், ஒப்பந்தக்காரர்கள் என் கடைப் பக்கமே வரவில்லை. விலை ஏறிற்று, விற்பனை படுத்தது. அதே வருடம் மற்ற எரிபொருள் நிலையங்கள் காய்ந்து கிடக்க, எண்ணெய் இறக்க வழி இருந்த லங்கா ஐ.ஓ.சி.யின் பங்கு பல மடங்கு ஏறியது. ஒரே ஊர், ஒரே வருடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கம்பனி. கப்பல் எப்போது வருகிறது, ஆலையில் எத்தனை லொறி நிற்கிறது, ஹோட்டலில் எத்தனை அறை நிரம்பியிருக்கிறது என்பதைக் கொழும்பில் அறிக்கை வாசிக்கிறவரைவிட முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். பார்த்தும் அதை ஒரு கணக்காக வாசிக்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சூதாட்டம் என்று சொல்லிக் கதவை மூடினால் என்ன நடக்கிறது தெரியுமா? என்னிடம் பொருள் எடுக்கும் மேசன் தம்பி ஒருவர், வட்ஸ்அப் குழு ஒன்றில் மாதம் பத்து வீதம் தருகிறோம் என்ற பேச்சை நம்பி, மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். குழு ஒரு நாள் காணாமல் போயிற்று. அவருக்குக் கம்பனி அறிக்கை என்றால் என்ன, உரிமம் உள்ள தரகர் யார் என்று தெரிந்திருந்தால் முதல் கேள்வியிலேயே அந்தக் கும்பல் அம்பிட்டிருக்கும். உண்மையான பங்கு வாங்கினால் அது நம் பெயரில் உள்ள சி.டி.எஸ். கணக்கில், அதாவது பங்குகளைப் பதிந்து வைக்கும் மத்திய வைப்புக் கணக்கில், நிற்கும். உரிமம் உள்ள தரகர் யார் என்பதைச் சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் பட்டியலில் பார்க்கலாம். பணத்தைத் தரகர் நிறுவனத்தின் கணக்குக்குப் போடுவோமே தவிர, தனி ஆள் ஒருவருடைய கணக்குக்கு ஒருபோதும் போடுவதில்லை. இவ்வளவும் அறிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

ஊழியர் சேமலாப நிதி வைத்திருக்கும் தொழிலாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிதியின் ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில்தான் முதலிடப்பட்டிருக்கிறது. சந்தைக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று அவர்கள் நினைக்க இடமே இல்லை.

மகளின் கல்யாணக் காசு, வருத்தம் வந்தால் எடுக்க வைத்திருக்கும் காசு, கடன் வாங்கிய காசு, இவற்றைப் பங்கில் போட வேண்டாம். உரிமம் பெற்ற வங்கியில் வைத்தால் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. பங்கு விலை விழுந்தால் ஈடுகட்ட எந்தக் காப்புறுதியும் கிடையாது. வங்கி வட்டி ஏறினால் பணம் பங்கை விட்டு வங்கிப் பக்கம் போகும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2022 பிற்பகுதியில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கிடைத்தபோது பங்கை ஏன் தொடுவான் என்று பலர் இருந்தார்கள். 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்க, பணம் மெதுவாகச் சந்தைப் பக்கம் திரும்பியது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் என் கோரிக்கை இதுதான். பட்டியலில் உள்ள கம்பனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வெளியிட வேண்டும். அந்தக் கணக்குகளில் கிழக்கோடு தொடர்புள்ள கம்பனிகளுடையதையாவது, வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, பங்கிலாபம் எவ்வளவு என்று எளிய தமிழில் வாரம் ஒரு அரைப் பக்கம் போடுங்கள். வெறும் விலைப் பட்டியல் எங்களுக்கு உதவாது. என் கைக்கு வந்த ஆண்டறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தன. எனக்கு வாசித்துச் சொல்ல ஒரு மருமகன் இருக்கிறான். மூதூரிலும் தம்பலகாமத்திலும் இருக்கும் கடைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தொடர்பாடல் மற்றும் வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளும் விரிவுரையாளர்களும் மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குள் வந்து, ஒரு கம்பனியின் அறிக்கையைத் திறந்து வைத்துத் தமிழில் விளக்கினால் நிச்சயமாக ஆட்கள் வருவார்கள். பங்குச் சந்தையும் ஆணைக்குழுவும் அதற்கு ஒரு ஆளை அனுப்பட்டும். மார்க்கப்படி வட்டியைத் தவிர்க்கும் கிண்ணியா முஸ்லிம் நண்பர்கள் வட்டி சார்ந்த கம்பனிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரும் வந்தால் நல்லது. மண்டபத்துக்கும் தேநீருக்கும் எங்கள் வர்த்தகர்களிடம் நான் பேசுகிறேன். முதல் வகுப்புக்கு சீனக்குடா ஆலையின் அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டடப் பொருள் வியாபாரி,
திருகோணமலை.